மாமாவின் முதுகில் ஒட்டிய நோட்டீஸ்

1

போன மாதம் எங்கள் வீட்டு ஓனரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓனர் என்று நான் சொல்வது ஒரு ஆளை இல்லை. இங்கிலாந்தில் வருமானம் குறைந்தவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கும் சங்கங்கள் உண்டு. நம் ஊர் அரசுக் குடியிருப்பு மாதிரிதான், பெயர்ப் பலகை மட்டும் பளபளப்பு. அப்படி ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நாங்கள் இருக்கிறோம். மயிலாப்பூரில் என்னை லண்டன்காரி என்று சொல்லிக்கொண்டிருப்பதால் இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். நான் இருப்பது லண்டனும் இல்லை, பங்களாவும் இல்லை. லண்டனுக்கு வடக்கே ரயிலில் போகவேண்டிய ஒரு ஊர், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, குளியலறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை.

கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டைப் பற்றிய தகவல்களை நாங்கள் சொல்லும் விதம் உங்களுக்கு எளிதாக இருக்கிறதா, வேறு எப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும்? இதைப் பேச ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம், வாருங்கள், டீயும் பிஸ்கட்டும் உண்டு.

படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் என் மகள் நிலா காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

"வாட்ஸ் ஃபன்னி?"

"ஓனர் நம்மகிட்ட கேக்கறான்டி, எப்டி சொன்னா உனக்குப் புரியும்னு."

"ஸோ?"

அந்த "ஸோ"வுக்கு அடுப்படியில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவள் தமிழ் படிக்க மாட்டாள், நீங்கள் படிப்பீர்கள்.

2

நான் பிறந்தது மயிலாப்பூரில், கால்வாய் ஓரம். மயிலாப்பூர் என்றதும் இங்குள்ள தமிழ்ச் சங்கத்து ஆட்கள் கோபுரம், தெப்பக்குளம், மார்கழிக் கச்சேரி என்று கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். அதெல்லாம் இருக்கிறது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பும் இருக்கிறது. வரிசையாக மூன்று மாடிக் கட்டடங்கள், பால்கனியில் சிமெண்ட் உதிர்ந்து கம்பி எட்டிப் பார்க்கும், படிக்கட்டில் பகலிலும் இருட்டு. குடிசை எரிந்துபோன பிறகு என் அப்பா காலத்தில் கிடைத்த வீடு. என்ன குறை இருந்தாலும் அது எங்கள் இடம்.

என் தங்கை மாலா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கோபாலபுரத்தில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை. பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே போய் நடந்தே வந்துவிடுவாள். அவள் புருஷன் ரமேஷ் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்களுக்குக் கீழே, தரைத்தளத்தில், எங்கள் தாய்மாமன் ஏழுமலையும் அவர் மனைவி கன்னியம்மா அத்தையும். அத்தை விடியுமுன் கடற்கரைக்குப் போய் மீன் எடுத்து வந்து, ராயப்பேட்டை மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பாள். மாமாவுக்கு அந்தப் பிளாக்குதான் வேலை. தண்ணீர் வரவில்லையா, மோட்டார் எரிந்துவிட்டதா, சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே என்ன சொன்னார்கள் என்பதைத் திரும்பி வந்து மாடிப்படியின் கீழ்ப்படியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். எங்களுக்கு வீடு கொடுத்த ஆபீசைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவின் தொண்டை வழியாகத் தெரிந்ததுதான்.

போன வருஷம் ஒருநாள் மாலா வீடியோ காலில் வந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் கேரட் சீவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஆபீஸ்லேர்ந்து வந்து எல்லா கதவுலயும் செவப்பு பெயிண்டுல நம்பர் போட்டுட்டுப் பூட்டானுங்க."

"எதுக்குடி?"

"கேட்டா, மேல போய்க் கேளுன்றான். இட்ச்சிட்டு புச்சா கட்டப் போறாங்களாம். அது வரிக்கும் நம்மள ஊருக்கு வெளிய எங்கியோ கொண்டுபோய் வுடுவாங்களாம். கட்டி முட்ச்சா திரும்ப உள்ள வுடுவாங்களா, இல்ல அங்கியே கெடன்னு வுட்ருவாங்களா? அது ஒண்ணத்தான்க்கா கேக்கறோம். அத்த மட்டும் எவனும் சொல்ல மாட்டேன்றான்."

திரும்பி வர முடியுமா? அந்த ஒரு கேள்விதான். ஊருக்கு வெளியே போய்விட்டால் மாலாவுக்குக் கோபாலபுரம் இல்லை. அத்தைக்குக் கடற்கரையும் இல்லை, ராயப்பேட்டையும் இல்லை. விடியற்காலை மீன் ஏலத்துக்கு நள்ளிரவில் எந்த பஸ் ஓடுகிறது? நான் இங்கே கவலைப்பட்டேன் என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. எனக்குக் கோபம் வந்தது. வீட்டைப் பற்றி முடிவெடுக்கிறவனுக்கு அதில் குடியிருக்கிறவளிடம் ஒரு வாக்கியம் சொல்ல நேரமில்லையா?

மாமா ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வந்தார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த அடுத்த வாரத்துக்குள் ஒரு காலை, டீ குடித்துக்கொண்டே மாரடைப்பில் போய்விட்டார்.

நான் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தபோது நிலா எட்டிப் பார்த்து, "ஹூ இஸ் ஏழுமலை அகெய்ன்?" என்றாள். அவள் குழந்தையாக இருந்தபோது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பீச் முழுக்கச் சுற்றியவர். இருந்து சொல்ல நேரமில்லை. ஃப்ளைட்டில் ஏறிய பிறகு அதை நினைத்துத்தான் அழுதேன்.

3

நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். பிளாக்குக்குள் நுழைந்ததும் மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஏதோ கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்த முகம், ஓரத்தில் யாருடையதோ பட்டுச் சேலைத் தோள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே குடும்பத்தார் பெயர்கள். என் பெயரும் இருந்தது, "செல்வி (லண்டன்)" என்று. எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் ஆட்களுக்கு விமானம் ஏறிப் போனால் லண்டன்தான்.

ஒட்டியது ரமேஷ். மைதா பசையை வாளியில் கரைத்து, செத்த அன்று ராத்திரியே தெருமுனையிலிருந்து பிளாக்வரை ஒட்டித் தீர்த்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அஞ்சலி போஸ்டரை யாரும் கிழிக்க மாட்டார்கள், அதன்மேல் வேறெதையும் ஒட்டவும் மாட்டார்கள். சினிமாவுக்கு ஒட்டுகிறவன்கூட அதைச் சுற்றித்தான் ஒட்டுவான், கட்சிக்காரனும் அப்படித்தான். அதுவரை அந்தச் சுவர் செத்தவருக்குச் சொந்தம்.

அத்தை உள்ளே, மூலையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பதினாறு முடியாமல் வாசலுக்கு வரக்கூடாது. என்னைப் பார்த்ததும் அழுதாள், நானும் அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி:

"திரும்பி உள்ள வுடுவாங்களா இல்லியான்னு கேக்கப் போனாரு. நீ போய்க் கேக்கறியா?"

4

மாலாவும் நானும் ஆபீசுக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை.

அங்கே இருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். நெற்றியில் சந்தனக் கீற்று, மேஜையில் மூடி போட்ட தண்ணீர் பாட்டில். மாலா வணக்கம் சொன்னபோது நிமிரவில்லை. நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும் நிமிர்ந்து, "உட்காருங்க மேடம்," என்றார். ஒரே அம்மா வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு நாற்காலி, ஒருத்திக்கு இல்லை. அந்த நாற்காலியை நான் உபயோகப்படுத்தவில்லை. அதற்குப் பிறகு தமிழில்தான் பேசினேன், எங்கள் தமிழில்.

"இடிச்சிட்டு கட்டுனப்பறம் எங்க ஆளுங்களைத் திரும்ப உள்ள வுடுவீங்களா? அது ஒண்ணு தெரியணும்."

"நோட்டீஸ் ஒட்டியாச்சேம்மா."

"எங்க ஒட்டுனீங்க?"

"உங்க பிளாக்லதான். ஃபோட்டோ எடுத்து ஃபைல்ல வச்சிருக்கோம்." கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எங்கள் மாடிப்படி. எங்கள் நீலத் தண்ணீர்க் குழாய். அதன் பக்கத்தில் வெள்ளையாக ஒரு தாள். எழுத்து எறும்பு மாதிரி சின்னதாக இருந்ததால் படத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

மாலா என் கையைப் பிடித்தாள். "அக்கா, அங்கதான மாமாவ ஒட்டுனாரு."

மாமா போன அன்று மத்தியானம், எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் வந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று ராத்திரி பசை வாளியோடு வந்த ரமேஷ் அதை ஏதோ டியூஷன் விளம்பரம் என்று நினைத்திருக்கிறார். எல்லோர் கண்ணிலும் படுகிற நல்ல சுவர் என்று இரண்டு தரப்புக்கும் தோன்றிய சுவர் அது ஒன்றுதான்.

"மேடம், அது மேல அஞ்சலி போஸ்டர் ஒட்டிட்டாங்க. அதுல இன்னா எழுதியிருந்துச்சின்னு வாயால சொல்லிடுங்களேன்," என்றாள் மாலா.

"வாயால சொல்ற வழக்கம் இல்லம்மா. நான் ஒண்ணு சொல்லுவேன், நாளைக்கு நீங்க வேற ஒண்ணு சொன்னேன்னு வந்து நிப்பீங்க. போய்ப் படிச்சுக்கோங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் குடுக்கணும், அதை மட்டும் மறந்துடாதீங்க."

"என்ன பதில்?"

"நோட்டீஸ்ல இருக்கும்மா."

"ஒரு காப்பி குடுங்க," என்றேன்.

"தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. ஒரு மாசத்துக்குள்ள வரும்."

அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அந்த ஃபைல் இருந்தது. சட்டம் எங்களுக்குத் தகவல் பெறும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைக் காட்டியே வெள்ளிக்கிழமையைத் தாண்டி எங்களை அனுப்பிவிடவும் முடிகிறது. அந்த அம்மா கெட்டவர் இல்லை என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜையில் கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கெடு வெள்ளிக்கிழமை.

5

மாலையில் நான் ரமேஷிடம் சொன்னேன், போஸ்டரைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"இன்னாம்மா பேசற நீ? காரியம் முடியாம அவர் மூஞ்சியக் கிழிப்பியா?"

"லண்டன் போயி வந்தா சாவுக்குக்கூட மரியாத இல்லாம போயிடுமா?"

"நாளைக்கு எங்க ஊட்டுல ஒண்ணுன்னா எவன்னா கிழிப்பான். வழக்கத்த மாத்தாத."

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்களைப் போன்றவர்கள் முகம் சுவரில் வருவது சாகும்போதுதான், அதுவும் பதினாறு நாள். அதையும் கிழிக்கச் சொல்கிறாள் வெளிநாட்டிலிருந்து வந்தவள்.

அப்போது பின்னால் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. அத்தை வாசலில் நின்றாள். மீன் கழுவும் சிவப்பு வாளி நிறையத் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பெண்கள், "ஐயோ, வெளிய வராத, உள்ள போ," என்று பதறினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துணியை நனைத்து மாமாவின் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, கன்னம், கழுத்து, யாருடையதோ அந்தப் பட்டுத் தோள், எல்லாவற்றையும் ஊறவிட்டாள்.

"உயிரோட இருந்திருந்தா இந்த நோட்டீச மொதல்ல படிக்கறவரு அவருதான்," என்றாள், எங்களைப் பார்க்காமல். "அவர வச்சே மறைச்சிக்கினு நிக்கறீங்களே."

மேல் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, நாக்கு மீனுக்குத் தோலுரிப்பது போல ஒரே இழுப்பில் இறக்கினாள். போஸ்டர் கிழியாமல் முழுசாக வந்தது. ரமேஷின் மைதா பசை அவ்வளவு நல்ல பசை. நோட்டீசும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது, முகம் உள்பக்கமாக, மாமாவின் முதுகில் அப்பிக்கொண்டு. சுவரில் மிச்சம் இருந்தது கடைசி வரி மட்டும். நான் சத்தமாகப் படித்தேன்.

"தவறும் பட்சத்தில் எவ்விதக் கோரிக்கையும் பரிசீலிக்கப்பட மாட்டாது."

விஷயம் போய்விட்டது, மிரட்டல் மட்டும் தங்கிவிட்டது. நோட்டீசைத் தனியாகப் பிரிக்கப் பார்த்தேன், தாள் கூழாக வந்தது. அத்தை போஸ்டரை என் கையிலிருந்து வாங்கி, துணி காய்கிற கொடியில் போட்டாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ரமேஷைப் பார்த்தாள்.

"காலைல ஆட்டோவ வேற சவாரிக்கு எடுக்காத. அவரையே கூட்டிக்கினு போலாம்."

மறுநாள் காலை ஆட்டோவில் அத்தை, மாலா, நான், சுருட்டிய மாமா. வாசலுக்கே வரக்கூடாது என்று சொன்ன பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பின்னால் வந்தார்கள்.

அத்தை நேராகப் போய் அந்த மேஜையில் போஸ்டரைக் கவிழ்த்து விரித்தாள்.

"உங்க நோட்டீசு என் புருசன் முதுகுல கீது. பிச்சி எடுத்துக் குடு. முடியலன்னா நீ வந்து சொல்லு."

அந்த அதிகாரி போஸ்டரின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மாமாவின் முகம் தெரிந்ததும் சட்டென்று நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்றார். அடுத்த மேஜைக்காரரும் எழுந்தார். எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய ஆபீசாக இருந்தாலும் செத்தவரின் முகத்தின்மேல் ஃபைலை வைக்க யாருக்கும் கை வராது. அதை மடிக்கவும் முடியாமல், அங்கேயே விடவும் முடியாமல் அந்தப் பெண் தவித்தார்.

"உட்காருங்கம்மா," என்றார் கடைசியில்.

"உக்கார வரல."

"வெள்ளிக்கிழமை கெடு மேலதிகாரி போட்டது. என்னால மாத்த முடியாது." கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு மத்தியானம் காப்பியோட நானே வர்றேன். படிச்சுக் காட்டறேன்."

"நாங்க எல்லாம் ஊட்டுல இருக்கற நேரமா வா," என்றாள் அத்தை. "யாரும் இல்லாத நேரத்துல வந்து பழகிட்டீங்க."

6

இடையில் இங்கே ஓனர் கூப்பிட்ட கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், போன வாரம் நடந்தது. டீ நன்றாகவே இருந்தது.

இங்கே எல்லாம் தேன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் சுவர்ப் பூஞ்சைக்காக நான் முதலில் ஃபோன் செய்தபோது, நம் வழக்கப்படி, "என் பாத்ரூமில் பூஞ்சை வந்துகொண்டிருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யாரோ விருந்தாளி வருகிறார் என்று நினைத்து அந்தப் பெண், "எத்தனை மணிக்கு வருகிறார்கள்?" என்றாள். பிறகு ஒருவர் வந்து சுவரில் கருவி வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். என்ன கண்டுபிடித்தார் என்று கேட்டு நான் எழுதிய மின்னஞ்சல்களுக்குக் கணக்கில்லை. கடைசியில் அறிக்கை வந்தது, பாதி வரிகளில் கறுப்பு மை பூசி. என் சுவரைப் பற்றி நானே தெரிந்துகொள்ளக் கூடாதது என்ன இருக்கிறது என்று நேரில் போய்க் கேட்டேன். பக்கத்தில் நின்ற நிலா, "அம்மா, ப்ளீஸ், எம்பாரசிங்," என்று சுவரைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருக்கலாம். ஆனால் இருமல் வந்தது அவளுக்குத்தானே. மை பூசாத தாள் வரும்வரை நான் விடவில்லை.

கூட்டத்தில் பட்டியல் போட்டுக் கேட்டார்கள். பெரிய எழுத்தில் அச்சடித்தால் நல்லதா? படம் போட்டா? ஒலிப்பதிவாகவா? தமிழில் மொழிபெயர்த்தா? எல்லோரும் ஆளுக்கொன்றைச் சொன்னார்கள். என் முறை வந்தது.

"நீங்கள் எப்படிச் சொன்னாலும் சரி. சொன்ன பிறகு போய்விடாதீர்கள். எனக்கு என்ன புரிந்தது என்று நான் திருப்பிச் சொல்கிறேன், அதை நின்று கேளுங்கள். அதில் விட்டுப்போனது இருந்தால் அது உங்கள் தப்பு, என் தப்பு இல்லை," என்றேன்.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இளைஞர் பேனாவை நிறுத்திவிட்டு, இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். ஏதோ பயிற்சி வகுப்பின் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். மயிலாப்பூர் மாடிப்படியில் என்றேன்.

அந்தக் கட்டடம் இதை எழுதும்வரை இடிபடவில்லை. ஊருக்கு வெளியே எப்போது அனுப்புவார்கள் என்றும் தெரியாது. எங்கள் ஆட்கள் எல்லோரும் கெடுவுக்குள் கையெழுத்துப் போட்டாயிற்று. சொன்னபடி திரும்ப உள்ளே விடுகிறார்களா என்று பார்க்கத்தான் போகிறோம். விடாவிட்டால், நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்று இனிமேல் எங்களிடம் யாரும் கதை விட முடியாது. அது ஏன் என்பதுதான் மிச்சக் கதை.

7

வியாழக்கிழமை ஜீப் வந்தபோது பிளாக்கே கீழே இருந்தது. மாலா கோபாலபுரத்துக்கு லீவு சொல்லிவிட்டாள். அத்தை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது அவளை உள்ளே போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அதிகாரி கீழ்ப்படியில் ஏறி நின்று தாளைப் பிரித்தார். நல்ல குரல். நிறுத்தி நிதானமாகத்தான் படித்தார்.

"மேற்கண்ட திட்டப்பகுதியில் குடியிருந்து வரும் ஒதுக்கீடுதாரர்கள், மறுகட்டுமானத்துக்குப் பின்னர் அதே திட்டப்பகுதியில் மறு ஒதுக்கீடு பெறும் பொருட்டு, தங்கள் இசைவினை உரிய ஆவணங்களுடன் நேரில் ஆஜராகி…"

முடிக்கும்வரை ஒரு இருமல்கூட இல்லை. முடித்ததும் மாலா என் காதில், "இப்ப இன்னாக்கா சொன்னாங்க?" என்றாள். எனக்கும் பாதிதான் புரிந்தது. நான் பட்டப்படிப்பு படித்தவள்.

அதிகாரி தாளை மடிக்கப் போனார். அத்தை கையைத் தூக்கினாள்.

"இரு. எனக்குப் புரிஞ்சத நான் சொல்றேன். தப்புன்னா தப்புன்னு சொல்லு."

"சொல்லுங்கம்மா."

"இடிக்கறீங்க. கட்டற வரிக்கும் நாங்க வெளிய இருக்கணும். கட்டி முட்ச்சா இதே எடத்துல எங்களுக்கே ஊடு குடுப்பீங்க. குடுக்கணும்னா நாளைக்குள்ள நாங்க ஆபீசுக்கு வந்து, எங்களுக்கு ஊடு வோணும்னு கையெழுத்துப் போடணும். போடலன்னா, எங்களுக்கு வாணாம்னு நீங்களே முடிவு பண்ணிக்குவீங்க. சரியா?"

"சரிதாம்மா."

அப்போதுதான் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. படித்தபோது எழாத சத்தம். "நாளைக்குள்ளயா?" என்று ஒருவர், "சொவுத்துல ஒட்டிட்டு கம்முனு இருந்தீங்களே," என்று இன்னொருவர். திரும்பி வர முடியும் என்பதே பல பேருக்கு அப்போதுதான் தெரிந்தது. மாலா அழுதுவிட்டாள். மறுபடியும் கோபாலபுரத்துக்கு நடந்து போகலாம் என்பதற்கு அப்படி ஒரு அழுகை.

அத்தை இன்னும் முடிக்கவில்லை.

"யார் கையெழுத்து?"

"ஒதுக்கீடு யார் பேர்ல இருக்கோ, அவங்க நேர்ல வரணும்."

"எங்க ஊடு அவர் பேர்ல கீது. நேத்து வந்தாரே உன் மேஜைக்கு."

அதிகாரி கையிலிருந்த தாளை மறுபடியும் பிரித்துப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது, எங்கள் வீடும் அம்மா பேரில், அம்மா போய் வருஷமாயிற்று. இன்னொரு கை, எங்கள் வீடு அப்பா பேரில். எங்கள் பிளாக்கில் பாதி வீடுகள் செத்தவர்கள் பேரில்தான் ஓடிக்கொண்டிருந்தன. நோட்டீசில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எழுதியவருக்கு எங்கள் வீடுகளில் யாரும் சாவார்கள் என்று தோன்றவில்லை போல.

"அதுக்கு வழி இருக்கும்மா," என்றார் அதிகாரி மெதுவாக. "கூட குடியிருக்கிற மனைவியோ பிள்ளையோ இப்ப கையெழுத்துப் போட்டுடலாம். வாரிசுச் சான்றிதழ அப்புறமா குடுக்கலாம். அப்படிப் பண்றதுதான்."

"அப்ப அத்த எழுதிக் குடு."

"நோட்டீஸ்லயே…"

"நோட்டீஸ்ல இல்ல. நான் சொன்னேன் பாரு, நீ சரின்னு சொன்ன பாரு, அத்த அப்டியே எழுது. இப்ப சொன்னதயும் சேர்த்து எழுது. கையெழுத்துப் போட்டுக் குடு."

"அந்த மாதிரியெல்லாம் எழுத முடியாதும்மா. ஆபீஸ் பாஷைன்னு ஒண்ணு இருக்கு."

"ஆபீசுக்கு எழுதறப்ப அந்த பாஷைல எழுது. எனக்கு எழுதறப்ப எனக்குத் தெரியற பாஷைல எழுது. ஊட்டுல இருக்கறவ நானு."

"நான் எழுதிக் குடுத்தா என் தலைதாம்மா உருளும்."

"உன் தலை உருண்டா வேற ஆபீஸ்ல போய் உக்காரும்," என்றாள் அத்தை. "எங்க தலை உருண்டா எங்க போய் உக்காரும், சொல்லு."

யாரும் மிரட்டவில்லை, யாரும் வழி மறிக்கவில்லை. ஒரு பெண் டீ கொண்டு வந்து கொடுத்தாள், அதிகாரி வாங்கிக்கொண்டார். குடிக்கும்போது எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜீப்புக்குப் போய் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து வந்தார். ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து எழுத ஆரம்பித்தார். இடிக்கிறோம். கட்டி முடித்தால் இதே இடத்தில் உங்களுக்கே வீடு. அத்தை சொன்ன வரிசையில், கிட்டத்தட்ட அத்தை சொன்ன வார்த்தைகளில். எழுதும்போது ஒவ்வொரு வரியையும் சத்தமாகச் சொன்னார். அத்தை இரண்டு இடத்தில் திருத்தினாள், அவர் அடித்து எழுதினார்.

கடைசியில், யாருக்கு எழுதுவது என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"உங்க பேர் சொல்லுங்கம்மா. முதல் தாள் உங்களுக்கு."

அந்த வீட்டுக்காக இதுவரை வந்த எல்லாத் தாளிலும் இருந்தது மாமாவின் பெயர்தான். "ஏழுமலை மனைவி…" என்று ரமேஷ் சொல்ல ஆரம்பித்தார். அத்தை கையை நீட்டி அவரை நிறுத்தினாள்.

"கன்னியம்மா," என்றாள். "அவ்ளோதான். முன்னாடியும் ஒண்ணும் போடாத, பின்னாடியும் ஒண்ணும் போடாத."